சின்ன வயசு ஆர்மோனியப் பெட்டி மாதிரியே இன்னொன்று வேண்டுமா? செட்டிநாட்டில் தேடுகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்கு ஒரு ஆர்மோனியப் பெட்டி ஞாபகத்தில் இருக்கும். ஐயா தேவாரம் பாட வாங்கியது, ஆச்சிக்குப் பாட்டு வாத்தியார் வந்துகொண்டிருந்த காலத்தில் கல்கத்தாவிலிருந்து வரவழைத்தது, இல்லாவிட்டால் ரங்கூன் சாமான்களோடு கப்பலில் வந்ததாக வீட்டில் சொல்லிக்கொள்வது. இப்போது அது இல்லை. கரையான் அரித்திருக்கும், பாகம் பிரித்தபோது யார் வீட்டுக்கோ போயிருக்கும், வீட்டை விலை பேசியபோது கதவு நிலையோடு சேர்த்து ஏற்றிப் போயிருப்பார்கள். பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு, கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்போது, அதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று தேட ஆரம்பிப்பார்கள். எங்கள் திருப்புகழ்க் குழுவில் பெட்டி வாசிக்கிறவன் என்பதால் என்னிடம் இதைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்கிறதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது பெட்டியின் தோற்றம். அரக்குக் கலர், முன்பக்கம் பித்தளைத் தகடு, மேலே கண்ணாடி மூடி என்றெல்லாம் அடையாளம் சொல்வார்கள். சரி, ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்தச் சத்தம். சத்தம் ரீடிலிருந்து, அதாவது உள்ளே காற்றில் அதிர்கிற சின்னப் பித்தளை நாக்கிலிருந்து வருகிறது. மரம், தகடு, பாலிஷ் எல்லாம் பிறகுதான். சுருதி என்ன, ரீடு எப்படி, காற்று நிற்கிறதா, கடைசியில்தான் பார்க்க எப்படி இருக்கிறது. இந்த வரிசையை மாற்றிக்கொண்டு தேடியவர்கள் வீட்டில் எல்லாம் வரவேற்பறையில் அழகாக ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டைத் தேடுங்கள்

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் இல்லையே என்பார்கள். செட்டிநாட்டு வீடு ஒரு ஆளுக்குச் சொந்தமானதாக இருப்பது அபூர்வம். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி இருக்கிற அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளியுடையது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, சாவி சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். உங்கள் பெட்டி இல்லாமல் போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம், பெரியப்பச்சி மகன் அறையில் மெத்தை மூட்டைக்கு அடியில் அது பத்திரமாக இருக்கலாம். பங்காளிகள் எல்லோரும் கூடுகிற படைப்பு நாள்தான் இதற்குச் சரியான நாள். அன்றைக்குத்தான் எல்லா அறையும் திறக்கும், சாமான்களைத் தூசி தட்டுவார்கள், வயதானவர்களும் வந்திருப்பார்கள். கேட்கிற விதம் முக்கியம். "எங்க பெட்டி ஒங்க கிட்ட இருக்கா" என்று கேட்டால் சண்டைதான் வரும். "அண்ணே, ஐயா வாசிச்ச ஆர்மோனியம் இருந்துச்சே, அது எங்க போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் அண்ணனுக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிக்குத் தெரியும்.

கிடைக்கிற பெட்டி உங்களுடையதுதானா என்று பார்க்க அதைத் திருப்பிப் போட்டு அடிப்பலகையைப் பாருங்கள். நகரத்தார் வீட்டு அண்டா, குண்டானில் எல்லாம் விலாச எழுத்து வெட்டியிருப்பது போல ஆர்மோனியத்தின் அடியிலும் சிலர் ஆணியால் கீறியோ பெயிண்டால் எழுதியோ வைத்திருப்பார்கள். கைப்பிடித் தகட்டின் உள்பக்கமும் பாருங்கள். தூசியை வெறும் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் தெரியும். தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம், பழைய பெட்டிகளில் மூட்டுகளை எல்லாம் வச்சிரம் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள், ஈரம் பட்டால் அது இளகிவிடும்.

பழைய சுருதியைக் கண்டுபிடிப்பது

பெட்டி கிடைக்கவே இல்லை என்றால் தகவலையாவது சேர்க்க வேண்டும். போட்டோ இருந்தால் நல்லது. ஐயாவின் சாந்திக் கல்யாண ஆல்பம், கொலு படம், பள்ளி ஆண்டுவிழா படம் என்று எதிலாவது பெட்டியின் முன்பக்கம் தெரிந்தால் போதும், கறுப்புக் கட்டைகளை எண்ணிவிடலாம். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஐந்து கறுப்பு ஒரு ஸ்தாயி. மூன்று ஸ்தாயி என்றால் மொத்தம் 37 கட்டை, அதுதான் வீட்டுப் பெட்டிகளில் வழக்கம். 39, 42 கட்டையும் உண்டு. முன்னால் எத்தனை குமிழ்கள் தெரிகின்றன என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். சில குமிழ் காற்றைத் திறந்துவிடுவது, சில ஒரே ஸ்வரத்தை நிறுத்தாமல் ஊதுவதற்கு. ஒரு குமிழை இழுத்தால் குரல் நடுங்குமே, அது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்ததா? சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் குமிழ்தான் ரொம்பப் பிடிக்கும், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கும்.

கேசட் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் கேசட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி இறங்கும், மோட்டார் வேகம் கூடினால் ஏறும், சுருதிக் கணக்கில் அரைக்கட்டை வித்தியாசம் சாதாரணமாக வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கரண்டில் ஓடுகிற டேப் ரெக்கார்டரில் பதிந்திருந்தால், பாட்டுக்கு நடுவில் ஆள் மூச்சு விடுகிற இடத்தில் மெல்லிசாக ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அடியில் இருக்கும். அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், 100 ஹெர்ட்ஸிலும் வரும். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டுகிற இலவச மென்பொருள் எதிலாவது போட்டுப் பாருங்கள். இரைச்சல் 50-இல் நின்றால் கேசட் சரியான வேகத்தில் ஓடுகிறது. 53-இல் நின்றால் அரைக்கட்டை கூடக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம், அந்த அளவுக்குக் குறைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் காலத்தில் கரண்ட் 50-இலேயே ஒழுங்காக நிற்கவில்லை என்பதால் முடி பிளக்கிற துல்லியம் வராது. ஆனால் பெட்டி எத்தனை கட்டையில் இருந்தது என்பது தெரிந்துவிடும். பேட்டரி போட்டுப் பதிந்ததாக இருந்தால் இந்த வழி உதவாது.

சுருதியைச் சொல்கிற கட்டைக் கணக்கு மறந்தவர்களுக்கு: 1 கட்டை என்பது மேற்கத்திய C, 2 என்பது D, 3 என்பது E, 4 என்பது F, 5 என்பது G, 6 என்பது A. பெண்கள் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள், ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஆத்தா எந்தக் கட்டையை 'ச' என்று வைத்துப் பாடினார்கள் என்பது கைக்கு ஞாபகம் இருக்கும், வாய்க்கு இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கீபோர்டில் கையை வையுங்கள், விரல் தானாகப் போய் நிற்கிற இடத்தைப் பாருங்கள். இது பலருக்குச் சரியாக வருகிறது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள், தேடும்போது உதவும். ஆர்மோனியம் பாரீஸ்காரர் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் காப்புரிமை வாங்கிய வாத்தியம், அது காலால் மிதிக்கிறது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-இல் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கிற பெட்டியாக மாற்றினார். நம் வீடுகளுக்கு வந்தது அந்த வம்சம்தான். ரீடுகளை முதலில் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரவழைத்துப் போட்டார்கள், பிறகு குஜராத்தில் பாலிதானாவில் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் பெட்டி செய்கிறவர்கள் பாரீஸ் ரீடு, ஜெர்மன் ரீடு, பாலிதானா ரீடு என்றுதான் பேசுவார்கள். பிரான்ஸ் அரசு 1859-இல் ஆறாம் கட்டைக்கு 435 ஹெர்ட்ஸ் என்று நிர்ணயம் செய்திருந்தது. இன்றைய கணக்கு 440. அதனால் பழைய பெட்டி ஒன்றை ட்யூனர் ஆப் வைத்துப் பார்க்கும்போது எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி 20 சென்ட் கீழே காட்டினால் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அரைக்கட்டைக்கு 100 சென்ட். எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் அதன் சுருதியே அப்படி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எங்கே தேடுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவைச் சொல்லாமல் முடியாது. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தட்டு, பர்மா அரக்குச் சாமான், ரவிவர்மா படம், மரத் தூண், கடிகாரம் என்று இடிக்கப்பட்ட வீடுகளின் சாமான் எல்லாம் அங்கே வந்து சேர்கிறது. ஆர்மோனியமும் இடையிடையே வரும். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் மரத்துக்கும் பித்தளைக்கும் பழமைக்கும் விலை சொல்கிறார், அவருக்கு ரீடு பற்றிக் கவலை இல்லை, அவரிடம் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கும் இல்லை. ஆகவே பாலிஷ் போட்டுப் பளபளவென்று வாசலில் வைத்திருக்கிற பெட்டிக்கு நல்ல விலை இருக்கும், உள்ளே பாதி ரீடு பேசாது. பின்கட்டில் மூடி உடைந்து, கைப்பிடி இல்லாமல், கலர் உரிந்து கிடக்கிற பெட்டிக்கு மரியாதையே இருக்காது, ஆனால் ரீடு அற்புதமாக இருக்கலாம். நீங்கள் போக வேண்டியது பின்கட்டுக்கு. "வாசிக்கிறதுக்குத்தாண்ணே, பார்வைக்கு வேண்டாம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அவரே உள்ளே கூட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள், அந்த நிமிஷமே விலை ஏறிவிடும்.

முதல் தடவையே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போட்டோவை இரண்டு மூன்று கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிட்டு, எந்த வீடு பிரிகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்பதால், அவ்வப்போது போய் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால் கடைகளை விட நல்ல வழி நாடகக்காரர்கள். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறதே, அதில் பின்பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டி வாசிக்கிறவர்களை விட ஆர்மோனியம் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நாடக நோட்டீஸில் 'ஆர்மோனியச் சக்கரவர்த்தி' மாதிரி ஏதாவது பட்டத்தோடு பெயரும் ஊரும் பெரிதாக அச்சடித்திருக்கும், நாடக நடிகர் சங்கத்தில் விசாரித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். நாடகம் நடக்கும்போது மேடைக்குப் பின்னால் போய்த் தொந்தரவு பண்ணாதீர்கள், மறுநாள் காலையில் போன் போட்டு எழுப்பவும் செய்யாதீர்கள், சாயங்காலம் பேசுங்கள். யாருடைய பெட்டி விலைக்கு வருகிறது, யார் ரீடு தீட்டுகிறார், எந்தப் பெரியவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்கிற மொத்த விவரமும் அவர்களிடம் இருக்கும். மேடையில் பெரும்பாலும் காலால் மிதிக்கிற பெரிய பெட்டிதான், வீட்டுக்கு அது தேவையில்லை, கைப்பெட்டிதான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பஜனை மடங்கள், பழைய தேவாலயங்கள், பாட்டு டீச்சர் இருந்த பழைய பள்ளிகள் எல்லாவற்றிலும் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். பொதுச் சொத்து என்பதால் வாங்குவது சிரமம், கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டும். ஒரு புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டால் சில இடங்களில் சரி என்பார்கள்.

சங்கீதக் குடும்பங்களில் தேடுவதில் பெரிய பலன் இல்லை. கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு ஆர்மோனியத்தின் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு, கமகம் வராது, ஸ்வரம் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதுதான் குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலியே 1940-இல் அதைத் தடை செய்து 1971 வாக்கில்தான் தளர்த்தியது. அதனால் அவர்கள் வீட்டில் தம்புராவும் சுருதிப்பெட்டியும் இருக்கும். சுருதிப்பெட்டியில் கட்டை கிடையாது, விளம்பரத்தில் போட்டோவை மட்டும் பார்த்து அதை ஆர்மோனியம் என்று நினைத்து முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

பெட்டியைச் சோதிக்கிற முறை

இதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

முதலில் காற்று. எல்லாக் குமிழையும் உள்ளே தள்ளி மூடிவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல், துருத்தியை மெதுவாக நாலைந்து முறை போடுங்கள். கொஞ்ச நேரத்தில் துருத்தி இறுகி, கைக்கு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும். அப்படியே விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர வேண்டும். போடப்போடக் காற்று எங்கேயோ போய்க்கொண்டே இருந்தால், கன்னத்தைப் பெட்டியின் ஓரங்களில் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். துருத்தியின் மடிப்பு மூலையில் கசிந்தால் பயமில்லை, தோலோ துணியோ ஒட்டிச் சரி செய்யலாம். பலகை வெடித்துக் கசிந்தால் யோசிக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேல்மாடியில் கிடந்த பெட்டிகளில் பலகை வெடிப்பு சகஜம். எலி கடித்த துருத்தியும் சகஜம், அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், துருத்தியை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, காற்றைத் திறந்துவிடுகிற ஒரே ஒரு குமிழை மட்டும் இழுத்துவிட்டுக் காற்றுப் போடுங்கள். கட்டையைத் தொடாமலே ஏதாவது ஒன்று ஊதினால் அந்தக் கட்டை சரியாக உட்காரவில்லை. கீழே ஒட்டியிருக்கிற தோல் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் கம்பி தளர்ந்திருக்கும், இரண்டும் சரி செய்யக் கூடியது. மழைக்காலத்தில் மரம் ஊறிப்போய்க் கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசி மாட்டிக்கொள்வதும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் பெட்டி பார்க்கப் போனால் அதை மன்னித்துவிடுங்கள்.

அப்புறம்தான் ரீடு. இடது ஓரக் கட்டையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக, கறுப்பு வெள்ளை எதையும் விடாமல், முதலில் மெல்லிய காற்றிலும் பிறகு நல்ல காற்றிலும் அழுத்திப் பாருங்கள். நல்ல ரீடு மெல்லிய காற்றிலேயே உடனே பேசும். கொஞ்சம் தாமதித்துப் பேசினால் நாக்கு தூக்கி நிற்கிறது. 'ர்ர்ர்' என்று இரைந்தால் நாக்கு சட்டத்தில் உரசுகிறது, அல்லது தூசி. ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் பூச்சிக்கூடோ பஞ்சோ மாட்டியிருக்கும், அதைச் செத்த ரீடு என்று எழுதிவிடாதீர்கள். உடைந்த ரீடு வேறு மாதிரி, காற்று மட்டும் 'உஸ்' என்று போகும், ஸ்வரத்தின் சாயலே இருக்காது.

ரீடு என்பது என்னவென்று ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் இதெல்லாம் விளங்கிவிடும். மேல்பலகையைக் கழற்றினால் கட்டைகளும் ஸ்பிரிங்குகளும் தெரியும், ரீடு அதற்கும் கீழே இருக்கிற பலகையில் இருக்கும், கடைக்காரர் சம்மதித்தால் மட்டும் பிரியுங்கள். விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சட்டம், அதன் நடுவே சன்னமான பிளவு, அந்தப் பிளவுக்குள் மயிரிழை இடைவெளி விட்டு ஒரு பித்தளை நாக்கு, ஒரு முனையில் மட்டும் ரிவிட் அடித்திருக்கும். வலது பக்கம் போகப்போக நாக்கு குட்டையாகிக்கொண்டே போகும். பேசாத ரீடின் நாக்கை நகத்தால் லேசாகத் தூக்கி, அடியில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை விட்டு இழுத்தால் அழுக்கு வந்துவிடும். இதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்யாதீர்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ரிவிட் பக்கம் சுரண்டினால் இறங்கும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு பிளேடை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுரண்டிய பித்தளை திரும்பி வராது, இரண்டு மூன்று தடவை தீட்டிய நாக்கு மெலிந்து ஒருநாள் ஒடியும். பழைய ரீடைக் கையில் எடுக்கும்போது நாக்கில் குறுக்குக் கீறல்கள் அதிகம் இருந்தால் அது ஏற்கெனவே பலமுறை தீட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள், விலையில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் ரீடு ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்பதும் முக்கியம். இரண்டு வரிசை என்றால் ஒரே கட்டைக்கு ஒரு ஸ்தாயி தள்ளி இரண்டு ரீடு சேர்ந்து பேசும், 'பாஸ், மேல்' (bass, male) என்பார்கள். சின்ன வயதில் கேட்ட சத்தம் கனமாக, நெஞ்சில் அதிர்கிற மாதிரி இருந்ததென்றால் அது இரண்டு வரிசைப் பெட்டி. மெலிந்து, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி இருந்ததென்றால் ஒரு வரிசை. இரண்டு வரிசைப் பெட்டியில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடியுங்கள். 'வவ்வவ்வவ்' என்று அலை அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை, சுருதி சேர்க்க ஆள் தேவைப்படும். ஒன்றிரண்டு கட்டையில் என்றால் விட்டுவிடலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அந்த அலை இருந்து, அதுதான் உங்களுக்கு ஞாபகம் என்றால், தயவுசெய்து சரி செய்யாதீர்கள், அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுகளில் வெள்ளையாக ஃபெவிகால் வழிந்து காய்ந்திருந்தால் யாரோ அவசர வேலை பார்த்திருக்கிறார்கள், மறுபடி பிரிப்பது கஷ்டம். பழைய ஐரோப்பியப் பெட்டிகளில் வெள்ளைக் கட்டையின் மேல் தந்தம் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மெல்லிய கோடு கோடாக ரேகை ஓடும், செல்லுலாய்டில் அது ஒழுங்காக அச்சடித்த மாதிரி இருக்கும். தந்தம் என்று சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1986, 1991 திருத்தங்களும் தந்த வியாபாரத்தை அடைத்துவிட்டன, பழசு என்பதால் சும்மா விடமாட்டார்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால்

புதிதாகச் செய்யச் சொல்லலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. கொல்கத்தாவில் லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் நிறைய இருக்கின்றன, பாலிதானாவிலும் இன்னும் செய்கிறார்கள், மதுரையிலும் சென்னையிலும் கடைகளில் ஆர்டர் எடுப்பார்கள். நீங்கள் சேர்த்து வைத்த தகவல் இங்கேதான் கைகொடுக்கும். கட்டை எத்தனை, எத்தனை வரிசை ரீடு, எத்தனை குமிழ், நடுக்கக் குமிழ் வேண்டுமா என்று எழுதிக் கொடுங்கள். ஸ்கேல் சேஞ்சர் (சுருதியை மாற்றிக்கொள்கிற வசதி), கப்ளர் (ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக் கட்டையும் சேர்ந்து பேசுவது) எல்லாம் போட்டுத் தருகிறேன் என்பார்கள். பழைய வீட்டுப் பெட்டியில் அவை இருந்திருக்காது, எடை கூடும், பழுதாக ஒரு இடம் கூடும், எனக்கு அதில் விருப்பமில்லை. சுருதியை 440-க்குப் பதில் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லியும் கேட்கலாம், ரீடு தீட்டுகிறவருக்கு அது பெரிய வேலை இல்லை, ஆனால் செய்வதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கட்டையாக வாசித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பாட்டு வாசித்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், பாட்டில் கெட்ட கட்டையைத் தொடாமலே தப்பித்துவிடலாம்.

நடுவழி ஒன்றும் உண்டு. உங்கள் பழைய பெட்டி கரையான் தின்று உருக்குலைந்து போயிருந்தாலும் ரீடு பித்தளை, அதைக் கரையான் ஒன்றும் செய்யாது. திருகாணியால் முடுக்கியிருந்தால் ரீடுகளைக் கழற்றி, எது எந்தக் கட்டைக்கு என்று ஒவ்வொன்றையும் தனிக் காகிதத்தில் சுற்றி எண் எழுதி வைத்து, புதுப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லலாம். பெட்டியின் உள்கூடு மாறுவதால் சத்தம் நூற்றுக்கு நூறு அதேயாக இருக்காது, என்றாலும் கேட்டவுடனே அடையாளம் தெரியும். கடைகளில் பழைய பெட்டியைப் பிரித்துப் பித்தளை எடைக்குப் போடப் போகிறோம் என்றால் ரீடை மட்டும் விலைக்குக் கேட்டுப் பாருங்கள். ரீடுபலகையோடு சேர்த்துக் கேளுங்கள், உதிரியாக வாங்கினால் எது எங்கே என்று தெரியாமல் அல்லாட வேண்டும்.

பேரப்பிள்ளைக்குத்தான் என்றால், ஆர்மோனியக் குரல் இருக்கிற எலக்ட்ரானிக் கீபோர்டே போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிள்ளைக்குப் போதும்தான். உங்களுக்குப் போதாது, இடது கைக்கு வேலை இல்லாமல் சும்மா இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். வளவுக்கு நேர் எதிரே வேண்டாம், சாரல் அடிக்கும். ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிற மேல்மாடியும் வேண்டாம். பட்டாலைப் பக்கம் உள் அறை ஏதாவது இருந்தால் நல்லது. பூச்சிக்கு நாலு வசம்புத் துண்டு துணியில் கட்டிப் பெட்டிக்குள் ஓரமாகப் போடலாம், எண்ணெய் எதுவும் எங்கும் விடக் கூடாது. தினமும் ஐந்து நிமிஷம் காற்றுப் போட்டாலே ரீடு சுத்தமாக இருக்கும்.

வெளியூரிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டி, கொக்கி தளர்ந்திருந்தால் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டி, கட்டைகளின் மேல் மடித்த துண்டை வைத்து மூடியைப் போடுங்கள். குமிழ்களை எல்லாம் உள்ளே தள்ளிவிடுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் உடைவது அதுதான். பஸ்ஸில் மேலே ஏற்றவே வேண்டாம். ரயிலில் என்றால் சீட்டுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள், நிமிர்த்தி நிற்க வைத்தால் வழியெல்லாம் ஆடிக்கொண்டே வரும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி, காரைக்குடியில் இறங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.